இஞ்சாருங்கோ

கொழும்பில் நடந்த அக்காவின் கலியாண வீடியோவில் ஓர் இடம் வரும். ஐயர் அக்கினியைச் சுற்றி வரச் சொல்கிறார். அத்தான் அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறார். ஐயர் முதற்சுற்றுக்குரிய மந்திரத்தை முடித்துத் தலையை நிமிர்த்தும்போது, அத்தான் மூன்று சுற்றையும் முடித்துவிட்டுப் பழைய இடத்தில் நிற்கிறார். அக்கா மூச்சு வாங்குகிறாள். தோழியாகப் பின்னால் போன நான் இரண்டாவது சுற்றிலேயே கைவிடப்பட்டு, அக்கினிக்கு அந்தப் பக்கத்தில் பூத்தட்டோடு தனியே நிற்கிறேன்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அத்தானும் கூட இருந்து பார்ப்பார். "ஐயர் ஆறுதலாச் சொன்னவர்," என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

அத்தான் வேகமாக நடப்பவர் என்று மட்டும் சொன்னால் போதாது. யாரோடு எங்கே புறப்பட்டாலும் இரண்டு நிமிடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் போய்விடுவார். அதில் கோபம் இருக்காது, அவசரமும் இருக்காது. அவருடைய கால் அப்படி. பின்னாலிருந்து கூப்பிட்டு ஏதாவது கேட்டால், "நடந்துகொண்டு கதைப்பம்," என்பார். அவரோடு நடந்துகொண்டு கதைக்கக்கூடிய ஒருவரை நான் மொன்றியலில் கண்டதில்லை. அதனால் அவர் தொடங்கிய கதைகள் பலவற்றில் பாதிதான் எங்களுக்குத் தெரியும். கோயில் தேருக்குப் போனால் சாமிக்கும் முன்னால் போய்விடுவார். ஒரு வருடம் தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்தபோது அவர் அன்னதானப் பந்தியில் பாயாசத்துக்கு வந்திருந்தார்.

வேலையால் வந்த பழக்கம் என்று பலர் சொல்வார்கள். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருபத்தெட்டு வருடம் தபால்காரராக இருந்தவர். வெளியே தொங்கும் இரும்புப் படிக்கட்டுகள், அவற்றில் உறைந்த பனி, கதவுக்குப் பின்னால் குரைக்கும் நாய்கள், இவற்றுக்கு நடுவே தோள்பையோடு ஓடி ஓடித் திரிந்தவர். அவருடைய பிரெஞ்சும் கதவடிப் பிரெஞ்சுதான். போன்ஜூர், உங்களுக்கு ஒரு பொதி, இங்கே கையெழுத்து, மெர்சி. அதற்கு மேல் யாராவது கதைக்கத் தொடங்கினால் அவர் அடுத்த வீட்டுப் படிக்கட்டில் நிற்பார்.

அக்கா அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "வேலை கிடைக்க முந்தியே இவர் இப்பிடித்தான்," என்பாள். "என்னைப் பாக்க வந்த அண்டைக்கு, நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வர முந்தியே எழும்பிப் போயிட்டார். பிடிக்கேல்லையாக்கும் எண்டு அம்மா அழத் தொடங்கீட்டா. பேந்து பாத்தா, தரகர் வீட்டை சம்மதம் சொல்லத்தான் அவ்வளவு கெதியாப் போயிருக்கிறார்."

எனக்கு அவரைப் பற்றி வேறொரு நினைவும் இருக்கிறது. நான் மொன்றியலுக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். டோர்வல் விமான நிலையத்துக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். லாசாலில் அவர்கள் இருந்த கட்டடத்துக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. அத்தான் என்னுடைய இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். நடைபாதையில் பனி வழிக்கப்படவில்லை. முழங்கால் மட்டும் பனி கிடந்தது. என் காலில் கொழும்பில் வாங்கிய மெல்லிய சப்பாத்து. எப்படிப் போவது என்று நான் திகைத்து நிற்க, அக்கா சொன்னாள், "அவர் கால் வைச்ச இடத்தில வைச்சு வா. விழமாட்டாய்."

குனிந்து பார்த்தேன். பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனவர், ஒவ்வொரு அடியையும் இரண்டு தரம் மிதித்துக் குழியை அகலமாக்கிவிட்டுப் போயிருந்தார். ஆளைக் காணவில்லை. வாசல் வரைக்கும் குழிகள் மட்டும் ஒழுங்காகக் கிடந்தன.

அவர் ஓய்வு பெற்றபோது, ஒட்டாவாவில் வேலை செய்யும் அவர்களுடைய ஒரே மகள் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜப்பானில் ஒன்பது நாள் நடைப் பயணம். தெற்கே கியூஷு என்ற தீவில், எரிமலைகளுக்கு நடுவே, வழிகாட்டியோடு நடக்க வேண்டும். மாலையில் வெந்நீர் ஊற்றுகளில் குளிக்கலாம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெயர் பதிந்துவிட்டாள்.

அத்தான் தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். "இருபத்தெட்டு வருசம் நடந்தவனுக்கு நடக்கிறதையே தாறாய் பிள்ளை," என்றார். "அதுவும் ஒரு ஆளுக்குப் பின்னால."

"எரிமலை அப்பா. வழி தெரிஞ்ச ஆள் வேணும்."

"வழியில பேர்ப்பலகை இருக்குந்தானே."

"யப்பான் எழுத்தில இருக்கும்."

அத்தான் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். அக்கா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "தங்கச்சியும் வந்தால் வாறன். இல்லாட்டி அங்க நான் ஆரோட கதைக்கிறது? இந்த மனிசன் முன்னுக்குப் போயிடும்."

அக்கா ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்தவள். அங்கே மூன்று வயதுப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகும்போது, நீளமான ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொல்லி வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். நின்று எறும்பு பார்க்கும் பிள்ளை, சப்பாத்து கழன்ற பிள்ளை, காரணமில்லாமல் அழும் பிள்ளை எல்லாம் அந்தக் கயிற்றில் வரும். அக்காவின் நடை அந்தக் கயிற்றின் வேகம். ஊரிலேயே வேகமான மனிதரும் மிகவும் மெதுவான மனுசியும் முப்பத்தொரு வருடமாக ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் விடுமுறை எழுதிக் கொடுத்தேன். என் கணவர், "ரெண்டு பேருக்கும் நடுவில நட. அப்பத்தான் ஒருத்தரும் துலைய மாட்டினம்," என்று வழியனுப்பினார்.

நாங்கள் மொத்தம் பத்துப் பேர். மற்ற ஏழு பேரும் கியூபெக்காரர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டிய எழுபது வயதுப் பெண். உயரமானவர், முழங்காலில் பட்டி கட்டியிருந்தார், எதற்கும் உரத்துச் சிரிப்பார். எங்கள் வழிகாட்டி அறுபதை நெருங்கிய, சின்ன உருவமான ஒரு பெண்மணி. ஆங்கிலமும் பிரெஞ்சும் அளந்து அளந்து பேசினார். இடுப்பில் ஒரு பித்தளை மணி கட்டியிருந்தார். மூடுபனி வந்தால் அதன் சத்தத்தைக் கேட்டு வரவேண்டும் என்று சொன்னார்.

முதல்நாள் காலையில் புல்வெளி ஒன்றின் ஓரத்தில் எங்களை வட்டமாக நிற்க வைத்தார். "ஒரே ஒரு விதி," என்றார். "எனக்கு முன்னால் யாரும் போகக்கூடாது. இந்த மலைகள் உயிரோடு இருக்கின்றன. கால் வைக்கும் இடத்தையும் மூச்சு விடும் இடத்தையும் நான்தான் முதலில் பார்க்க வேண்டும்."

எல்லோரும் தலையாட்டினோம். அத்தான் எல்லோரையும் விட அழுத்தமாகத் தலையாட்டினார்.

இருபது நிமிடத்தில் அவர் வழிகாட்டிக்கு முன்னால் நின்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பேசிக்கொண்டே பக்கத்தில் நடந்தார், பிறகு அரை அடி முன்னால் நடந்தார், பிறகு அவரைக் காணவில்லை. வழிகாட்டி தன் வேகத்தைக் கூட்டி அவரை முந்தினார். அத்தானின் கால்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்குமா? அவையும் வேகத்தைக் கூட்டின. சிவப்புப் பசுக்கள் மேயும் அழகான புல்மேடு அது. தூரத்தில் ஒரு மலை உச்சியிலிருந்து வெள்ளைப் புகை நிதானமாக எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. மூச்சிரைக்க ஓட்டமும் நடையுமாகப் போனோம். பேருந்து ஓட்டிய பெண் ஒரு இடத்தில் நின்று இடுப்பில் கைவைத்து, எங்கேயாவது தீப்பிடித்துவிட்டதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

அக்கா எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். ஒரு பூவைக் குனிந்து பார்த்துக்கொண்டு, பசுவோடு ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாள். "அவர் போய்ச் சேர்ந்திட்டாரோ?" என்று மட்டும் கேட்டாள். பழகிப்போன கேள்வி.

அன்று மாலை முதல் வெந்நீர்க் குளியல். ஆண்களுக்கு ஒரு தடாகம், பெண்களுக்கு ஒன்று, இடையில் மூங்கில் தட்டி. அக்காவும் நானும் அதற்குள் போகவேயில்லை. உடுப்பு ஒன்றுமில்லாமல்தான் இறங்க வேண்டும் என்று தெரிந்ததும் அக்கா, "நான் அறையில மேல் கழுவுறன்," என்று திரும்பிவிட்டாள். அத்தான் போனார். மூன்றாவது நிமிடம் தலை ஈரத்தோடு நடைவழியில் நின்றார். "குளிச்சாச்சு," என்றார்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

அன்றைய பாதை இரண்டு மலைகளுக்கு இடையே ஏறி மறுபக்கம் இறங்குவது. மரமில்லை, புல்லில்லை. சாம்பல் நிறக் கற்கள் மட்டும். போக வேண்டிய வழியைக் காட்டக் கற்களில் மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்கள். அழுகிய முட்டை மாதிரி கந்தக மணம் காற்றில் வந்து வந்து போனது. மேலே ஏற ஏற மூடுபனி இறங்கியது. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டி மணியை அடித்து எல்லோரையும் நிறுத்தி விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஒன்பது," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். யாரைக் காணவில்லை என்று எங்களுக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை.

நாங்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பள்ளத்துக்கு இறங்குவது. மற்றது நிலம் வெடித்துப் புகை கக்கும் இடத்துக்குப் போவது. அங்கே நச்சுக் காற்று வருவதால் குறுக்கே கயிறு கட்டி மூடியிருந்தார்கள். அந்தக் கயிறு காற்றில் அறுந்து கற்களுக்கிடையே கிடந்தது. வழிகாட்டி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "ஒருவரும் அசைய வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். ஊதுகுழலை ஊதினார். பனிக்குள் அந்தச் சத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் கேட்டது, ஒரு பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை.

அக்கா முதுகுப்பையைக் கழற்றி என்னிடம் தந்தாள். முன்னால் போய், அந்தப் பிரிவில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"இஞ்சாருங்கோ."

அக்கா அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. எங்கள் பக்கத்தில் மனைவி கணவனைக் கூப்பிடும் சொல் அது. இங்கே பாருங்கள் என்றுதான் பொருள். குசினியிலிருந்து விறாந்தைக்குக் கேட்டால் போதும் என்ற அளவில் சொல்லும் சொல். அக்கா அதை மலைக்குக் கேட்கச் சொன்னாள். பிள்ளைகளை ஒருநாளும் அதட்டாத அந்தத் தொண்டைக்குள் அப்படியொரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

"இஞ்சாருங்கோ. இஞ்சாருங்கோ."

பேருந்து ஓட்டிய பெண் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டார். தட்டுத்தடுமாறி அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, பள்ளி மைதானத்தையே அடக்கிய குரலில் கூப்பிட்டார், "மிஸ்யூ அன்ஷாருங்கோ." உடனே மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அந்தச் சொல் ஒவ்வொரு விதமாக வந்தது. வழிகாட்டியும் மணியை அடித்தபடி, மரியாதைக்கு அவர்கள் வழக்கப்படி ஒரு 'சான்' சேர்த்து, "இன்ஜாருங்கோ-சான்," என்று கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். அத்தானை அப்படிக் கூப்பிடும் முறை எனக்கில்லை. அந்த நேரம் முறையை யார் பார்த்தது? பத்துப் பேர் ஒரு எரிமலையின் தோளில் நின்றுகொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கயிறு கிடந்த பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. பிறகு, "ஓம், ஓம். வாறன்," என்று ஒரு குரல்.

பனிக்குள்ளிருந்து அத்தான் வந்தார். கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். நேரே அக்காவிடம்தான் போனார்.

"கயிறு கிடந்ததை நான் காணேல்லை," என்றார். "மணி கேட்டது. எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்லை. பேந்து நீர் கூப்பிட்டது கேட்டது. அதுவும் முதல்ல எங்கையிருந்து எண்டு தெரியேல்லை. எல்லாரும் கூப்பிடக் கூப்பிடத்தான் திசை பிடிபட்டது."

அக்கா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அவருடைய தலையைப் பின்னால் சாய்த்துக் கண்களைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகுதான் கதைத்தாள்.

"இனி முன்னுக்குப் போகாதேங்கோ."

"ஓம்," என்றார் அத்தான்.

வழிகாட்டி ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்களைப் பத்திரமாகப் பள்ளத்துக்கு இறக்கிய பிறகு, தன் இடுப்பிலிருந்த மணியை அவிழ்த்து அத்தானின் பையில் கட்டினார். "நல்ல நடைக்காரரை நான் தவறான இடத்தில் வைத்துவிட்டேன்," என்றார். "நாளையிலிருந்து நீங்கள் கடைசி. உங்களுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. மணி வந்து சேர்ந்தால்தான் நாங்கள் எல்லோரும் வந்து சேர்ந்ததாகக் கணக்கு."

பிறகு என்னிடம் தனியாக, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "இந்த மலையில் நான் எல்லோரிடமும் சொல்வதும் அதைத்தான்," என்றார்.

அன்று மாலை விடுதிக்கு வந்ததும் அக்கா துவாயை எடுத்துக்கொண்டு, "வா, குளிக்கப் போவம்," என்றாள். நான் அவளை ஏறிட்டுப் பார்த்தேன். "இவ்வளவு சனத்துக்கு முன்னால புருசனை அப்பிடிக் கத்திக் கூப்பிட்டாச்சு. இனி என்ன வெக்கம்," என்றாள்.

கல் அடுக்கிய தடாகம். மேலே திறந்த வானம். பேருந்து ஓட்டிய பெண் ஏற்கனவே கழுத்து மட்டும் இறங்கிக் கண்ணை மூடியிருந்தார். அக்கா துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். பிறகு துவாயைக் கல்லின் மேல் போட்டுவிட்டு ஒரேயடியாக இறங்கினாள். ஆவி எங்கள் எல்லோரையும் மூடியது.

"பிள்ளை," என்றாள் அக்கா. "முப்பது வருசக் குளிர் கழண்டு போகுது."

பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மெல்ல, பிறகு தோள் குலுங்க. "எல்லாரும் இஞ்சாருங்கோ எண்டு கத்தினதைப் பாத்தியோ?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் ஒருமுறை அழுதாள். தண்ணீரை அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வழக்கப்படி மூன்று நிமிடத்தில் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அக்கா தட்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ. நிக்கிறியளோ?"

"ஓம். தண்ணிக்குள்ளதான் இருக்கிறன்."

"சுடுதோ?"

"சுடுது."

"நல்லது. இருங்கோ."

"ஓம், இருக்கிறன்."

பேருந்து ஓட்டிய பெண் கண்ணைத் திறக்காமலே, "போன்சுவார், மிஸ்யூ அன்ஷாருங்கோ," என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "போன்சுவார் மதாம்," என்று கதவடிப் பிரெஞ்சில் பதில் வந்தது.

மறுநாள் அத்தான் கடைசி ஆள். அக்காதான் எப்போதும் கடைசியில் வருவாள் என்பதால், அவர் அவளுக்கு நேர் பின்னால் நடக்க வேண்டியிருந்தது. மெதுவாக நடப்பது எப்படி என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. இரண்டு அடி வைப்பார், நிற்பார். மணி கிணுங்கும், நிற்கும். காலையில் மட்டும் மூன்று தரம் அக்காவின் குதிக்காலை மிதித்தார். "ஆறுதலா வாங்கோ, நான் எங்கையும் ஓடேல்லை," என்றாள் அக்கா. அக்கா நின்று பூப் பார்த்தால் அவரும் நின்றார். முதலில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்குப் பிறகு அவரும் பூவைப் பார்த்தார்.

கடைசி ஆளின் வேலையை அவர் தபால் வேலையைப் போலவே பொறுப்பாகச் செய்தார். வழியில் விழுந்த கையுறை, மறந்து வைத்த கண்ணாடி, உருண்டு போன போத்தல் மூடி எல்லாம் அவருடைய பையில் சேர்ந்தன. மாலையில் அறை அறையாகப் போய்த் தட்டிக் கொடுத்தார். பேருந்து ஓட்டிய பெண்ணின் முழங்கால் நொந்தபோது ஏறி வந்த பாதை முழுவதும் அவருடைய பையையும் சேர்த்துச் சுமந்து வந்தார். அவரும் அத்தானோடு கதைத்துக்கொண்டே வந்தார். இருவருக்கும் எந்த மொழியில் கதை நடந்தது என்று தெரியவில்லை. ஆனால் அத்தான் ஒரு கதையை முழுதாக முடித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அன்று போய்ச் சேர்ந்த ஊரில் தெருவோரமெல்லாம் நிலத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் அந்த ஆவியின் மேல் கூடையை வைத்து மரக்கறியும் முட்டையும் அவிக்கிறார்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு முட்டை தந்தார்கள். அத்தான் என் பக்கத்தில் தெருவோர மர வாங்கில் வந்து இருந்தார். முட்டையை உரிக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"உன்ர அக்கா நடக்கேக்க வலது கால் கொஞ்சம் வெளியால போகுது," என்றார். "எப்ப தொடக்கம்?"

"சின்ன வயசு தொடக்கம் அத்தான். கொய்யா மரத்தால விழுந்து முறிஞ்சது. பொருந்தினது சரியாப் பொருந்தேல்லை."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"தெரியும் எண்டு நினைச்சம்."

முட்டையை மற்றக் கைக்கு மாற்றினார். எதிரே ஆவிக்குள் அக்கா ஒரு வயதான ஜப்பானியப் பெண்ணோடு கைகளால் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ பாடுறா," என்றார் அத்தான்.

"ஓம்."

"நடக்கேக்க. முழு வழியும்."

"ஓம் அத்தான். கார்தெரிப் பிள்ளையளுக்குப் பாடிப் பாடி வந்தது."

"உனக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும். கார்தெரியில எல்லாருக்கும் தெரியும். லாசாலில பாதிச் சனத்துக்குத் தெரியும்."

அவர் முட்டையை உரிக்கத் தொடங்கினார். ஒரு துண்டுத் தோல்கூட ஒட்டாமல் மிகக் கவனமாக உரித்தார். உப்பைத் தூவினார். எழும்பிப் போய் அதை அக்காவிடம் கொடுத்தார். அக்கா தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று தன் முட்டையைக் காட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, தான் உரித்ததை அவளுடைய கையில் வைத்துவிட்டு வந்தார்.

ஊர் திரும்பிய பிறகு அத்தான் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். முதல் கிழமையே சாமான் வாங்கப் போன இடத்தில் எங்களை விட்டுவிட்டு முன்னால் போனார். ஒரு வித்தியாசம், தெருமூலை வந்ததும் நின்று திரும்பிப் பார்ப்பார். முகத்தில் பொறுமை இருக்காது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பார். அக்கா வந்து சேர்ந்ததும், "சரி," என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்விடுவார். அக்காவோ அதற்காகவே இன்னும் மெதுவாக நடப்பாள் என்று எனக்குச் சந்தேகம். போன வருடம் அவர்கள் மகளுக்குப் பக்கத்தில் இருக்க ஒட்டாவாவுக்குப் போய்விட்டார்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் அத்தான், "நடந்துகொண்டிருக்கிறம்," என்பார். இப்போதெல்லாம் பின்னால் அக்காவின் குரலும் கேட்கிறது.

அவரை நினைத்தால் எனக்கு அந்தப் பயணத்தின் கடைசி நாள்தான் முதலில் வருகிறது.

மலையடிவாரத்தில் சின்ன ரயில் நிலையம். மேடையிலேயே கால் நனைக்க நீளமாக ஒரு வெந்நீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். ரயில் வரும்வரை பத்துப் பேரும் வரிசையாக இருந்து காலைத் தொங்கப் போட்டோம். அத்தான் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்தார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்திருந்தார். வாழ்நாளெல்லாம் சப்பாத்துக்குள் இருந்த அந்தக் கால்கள் தண்ணீருக்குள் சிவந்து, கொஞ்சம் வீங்கி, அசையாமல் கிடந்தன. எதிரே ஓர் இரட்டை முனை மலை வெயிலில் நின்றது.

ரயில் வந்தது. வழிகாட்டி எழும்பி, நேரமாகிவிட்டது என்றார். அந்த ஒன்பது நாளும் அவருடைய அட்டவணை ஒரு நிமிடம் பிசகியதில்லை. மற்றவர்கள் காலைத் துடைத்துச் சப்பாத்தைத் தேடினார்கள். ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய் நிற்கும் அத்தான் எழும்பவில்லை. வழிகாட்டி அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்ஜாருங்கோ-சான், ரயில்."

அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

"அது போகட்டும்," என்றார் தமிழில். "அடுத்ததில போவம்."

வழிகாட்டிக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்த ரயிலின் நேரத்தை விரலால் தேடினார். ஒரு காலில் சப்பாத்தோடு நின்ற பேருந்து ஓட்டிய பெண் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் தொட்டியோரத்தில் இருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து இருந்தார்கள். ரயில் கதவு மூடிக்கொண்டது. அது சரியான நேரத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டது.

வழிகாட்டி தாளை மடித்துப் பையில் வைத்தார். குனிந்து தன் சப்பாத்தின் கயிறுகளை அவிழ்த்தார், காலுறைகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினார். எங்களோடு இத்தனை நாள் நடந்தவர், ஒருமுறைகூட எங்களோடு இருந்து கால் நனைக்காதவர். எங்கே இருப்பது என்று தொட்டியின் ஓரத்தைப் பார்த்தார்.

அத்தான் அவருக்கு இடம் விட்டு அக்காவின் பக்கமாக நகர்ந்து இருந்தார்.